கட்டத்துக்கு உசிலம்பட்டி, கட்டத்துக்கு விருதுநகர்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நரிமேட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒன்பது பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாலரை மணி நேரம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடினோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கற்பனை விளையாட்டு அது. கிரேஹாக் உலகத்தில் பிறந்த ஒரு குள்ளனும் மிஸ்டாரா உலகத்தில் பிறந்த ஒரு மந்திரவாதியும் ஒரே சத்திரத்தில், ஒரே பானைக் கஞ்சியைக் குடித்தார்கள். "இருங்க இருங்க, எங்க ஊர்ல இது இப்படி இல்லையே" என்று யாரும் கையைத் தூக்கவில்லை. அந்த ஒரு கேள்வி வராமல் இருக்க எனக்கு ஏழு மாதமும் 1,655 ரூபாயும் ஆனது. எங்கெங்கே சொதப்பினேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். இந்த விளையாட்டில் கதை நடக்க, வரைபடமும் வரலாறுமாக அச்சான கற்பனை உலகங்கள் பல உண்டு. நான் நடத்துவது மிஸ்டாரா உலகம். திருநகரில் என் சித்தப்பா மகன் நடத்துவது கிரேஹாக். இரண்டு மேசையிலும் மூன்று பேர் பொது. இரண்டு கூட்டமும் தனித்தனியாக வடக்கே நடந்து, கடைசியில் பிளாக்மூர் என்ற ஒரே பெயரில் வந்து நின்றது. இந்தப் பெயருக்குப் பழைய சொந்தக்காரர், விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னசன். 1974இல் விளையாட்டே அச்சாகி வெளிவருவதற்கு முன்பு, 1970களின் தொடக்கத்தில் அவர் தன் நண்பர்களை வைத்து நடத்திய நாடு அது. பிற்பாடு பெயரை இரண்டு வீட்டிலும் குடிவைத்துவிட்டார்கள். கிரேஹாக் வரைபடத்தில் பிளாக்மூர் வடமேற்கு மூலையில், கரும்பனி நிலத்துக்குப் பக்கத்தில், இன்றைக்கும் ஆள் இருக்கிற நாடு. மிஸ்டாராவில் அது, அந்த உலகத்தின் ஆண்டுக் கணக்கு தொடங்குவதற்கு 3000 வருடம் முன்பு தன் சொந்த இயந்திரங்களாலேயே வெடித்துச் சிதறிய ஆதி நாகரிகம். அங்கே அதற்கு 'நெருப்பு மழை' என்று பேர். அந்த வெடிப்பில் உலகத்தின் அச்சே சாய்ந்து, பிளாக்மூர் வடதுருவத்துப் பனிக்கு அடியில் போய்விட்டது. எங்கள் கதை நடப்பது அதற்கு நாலாயிரம் வருடம் கழித்து, மிஸ்டாரா கணக்கில் 1000ஆம் ஆண்டு.

அதாவது தம்பி மேசையில் ஆள் நடமாடும் ஊர், என் மேசையில் செத்த ஊர். ரெண்டு கூட்டத்தையும் ஒன்றாக உட்கார வைக்கலாம் என்று மாசி மாதம் ஒரு டீக்கடையில் பேச்சு வாக்கில் ஒத்துக்கொண்டது நான்தான். தம்பி அப்போதே சொன்னான்: "அக்கா, பேர் மட்டுந்தான் ஒண்ணு. மத்ததெல்லாம் நீதான் தைக்கணும்."

வரைபடத்தில் ஆரம்பித்தேன். கிரேஹாக்கின் பெரிய வரைபடத்தில் ஒரு அறுகோணக் கட்டம் 30 மைல். மிஸ்டாராவின் பொது வரைபடத்தில் 24 மைல். நாட்டு நாடாகப் பிரித்துப் போட்ட வரைபடங்களில் 8 மைல், அதில் மூன்று சேர்ந்தால் ஒரு 24. மைல் என்றால் எங்கள் ஆட்களுக்கு மண்டையில் ஏறாது. அதனால் உள்ளூர்க் கணக்கு ஒன்று வைத்துக்கொண்டோம். 24 மைல் என்றால் ஏறத்தாழ 38 கிலோமீட்டர்: மதுரையிலிருந்து உசிலம்பட்டி. 30 மைல் என்றால் 48: மதுரையிலிருந்து விருதுநகர். இப்படிச் சொன்ன பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 'மூணு விருதுநகர் நடக்கணுமா, ஆளை விடு' என்று உடனே பதில் வந்தது.

கருவிகள்: பழைய டிவி ஸ்டாண்டின் கண்ணாடித் தட்டு, அதைத் தாங்க இரண்டு அடுக்கு பழைய புத்தகம், அடியில் 220 ரூபாய்க்கு வாங்கிய எல்.இ.டி. பட்டை விளக்கு. வெளிச்சம் கண்ணைக் கூசியதால் கண்ணாடிக்கு அடியில் பட்டர் பேப்பர் ஒட்டினேன். மேலே ட்ரேசிங் பேப்பர், ஷீட் 40 ரூபாய். படம் வரைகிற மேசை என்று கடையில் விற்பதை வாங்கவில்லை, தேவையும் இல்லை.

முதல் கோளாறு கம்ப்யூட்டரிலேயே நடந்தது. பிரிண்ட் கொடுக்கும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற டிக்கை எடுக்க மறந்துவிட்டேன். பத்துக் கட்டம் 100 மில்லிமீட்டர் வரவேண்டியது 97தான் வந்தது. எல்லாத் தாளும் அப்படி வந்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். மறுநாள் மிச்சத் தாள்களை வேறு கடையில் எடுத்தேன், அங்கே சரியாக 100. இரண்டையும் ஒட்டினால் ஒரு ஆறு தாள் மாறும் இடத்தில் துண்டாகி, அரை விரல் தள்ளி மறுபடி ஓடியது. நாலு ஏ3 கலர், தாளுக்கு 35 ரூபாய், அப்படியே வீண்.

இரண்டாவது கோளாறு அளந்த விதத்தில். அறுகோணத்துக்கு இரண்டு அகலம் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் அளந்தால் ஒன்று, முனைக்கு முனை அளந்தால் இன்னொன்று. முனைக்கு முனை ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதல். நான் ஒரு வரைபடத்தை அப்படியும் இன்னொன்றை இப்படியும் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன். மைல் கணக்கு எப்போதும் பக்கத்துக்குப் பக்கம்தான். ஒற்றைக் கட்டத்தை அளக்கவும் கூடாது. பக்கம் ஒட்டி வரிசையாக நிற்கும் பத்துக் கட்டத்தை ஒரே இழுப்பில் அளந்து பத்தால் வகுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஞாயிறு போனது.

மூன்றாவதுதான் பெரிய கூத்து. 24க்கும் 30க்கும் உள்ள விகிதம் 4க்கு 5. இரண்டு பிரிண்ட்டிலும் கட்டம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மிஸ்டாராவை 80 சதவீதமாகச் சுருக்க வேண்டும், அல்லது கிரேஹாக்கை 125 சதவீதமாகப் பெருக்க வேண்டும். மேல மாசி வீதிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கூட்டத்துக்கு நடுவே நின்று, கையில் இருந்த கட்டைக் கொடுத்து "அண்ணே, இதை எண்பதுல போடுங்க" என்றேன். அவர் போட்டுக் கொடுத்தார். அவர் மேல் தப்பே இல்லை. நான் கொடுத்தது கிரேஹாக் கட்டு.

சுருங்க வேண்டியதை விட்டுவிட்டுச் சுருங்கக் கூடாததைச் சுருக்கியதால் தப்பு இரண்டு மடங்காகிவிட்டது. கிரேஹாக் பக்கம் நூறு மைல் தூரம், மிஸ்டாரா ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் அறுபத்து நாலு மைலாகத் தெரிந்தது. இதை நான் உடனே கவனிக்கவில்லை. ட்ரேசிங் போட்டு, கரை வரைந்து, மலைக்கு நிழல் கூடப் போட்டு முடித்துவிட்டேன். பிறகு தம்பி வந்து தன் கூட்டம் ஏற்கெனவே நடந்து கழித்த ஒரு பாதையை ஸ்கேல் வைத்துப் பார்த்தான். "அக்கா, பதினோரு நாள் நடந்த தூரம் இது. உன் படத்துல ஏழு நாள்ல போயிரலாம் போலயே. எங்காளுகளுக்கு நாலு நாள் சோறு மிச்சம்."

சிரிப்பு வரவில்லை அப்போது. அந்த ட்ரேசிங்கைச் சுருட்டி பீரோ மேலே போட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு சந்தேகத்தை மட்டும் இந்த இடத்தில் தீர்த்துக்கொண்டேன். மிஸ்டாராவில் யிலாருவம் என்ற பாலைவன நாடு, வெஸ்ட்லாண்ட் என்ற குளிர்க்கடல் நாட்டுக்குப் பக்கத்து வீடு. 'இப்படி எங்கயாவது இருக்குமா' என்று பல வருடமாகக் கேலி செய்திருக்கிறோம். ஒரு நாள் பஸ்ஸில் கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறினேன். கீழே வெயில் மண்டையைப் பிளந்தது. மேலே ஏறினால் மழை, ஜன்னலைச் சாத்து என்கிறார் பக்கத்து சீட்டுக்காரர். இந்தத் தூரம் ஒரு கட்டம்கூட வராது. நடுவே மலை இருந்தால் போதும். யிலாருவத்தைத் தொடவில்லை.

இரண்டு வரைபடத்தையும் சேர்த்து மாட்ட ஒரே ஒரு ஆணிதான் வேண்டும் என்று முடிவு செய்தோம். தம்பி வரைபடத்தில் பிளாக்மூர் இருக்கும் இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, என் உலகத்தில் பனிக்கடியில் கிடக்கும் பழைய பிளாக்மூரை அதற்கு வடக்கே 40 கட்டம் தள்ளி வைத்தேன். 40 கட்டம் என்றால் 1,200 மைல். கிரேஹாக் உலகத்தின் சுற்றளவு 25,200 மைல், அதாவது ஒரு பாகைக்குச் சரியாக 70 மைல். அப்படியென்றால் ஊரும் இடிபாடும் சுமார் 17 பாகை தள்ளி நிற்கும். பனிக்கு அடியில் புதைய அந்த இடைவெளி போதும்.

அடுத்தது காலண்டர். இங்கேதான் எனக்கு அல்வா கிடைத்த மாதிரி இருந்தது. கிரேஹாக் வருடத்துக்கு 28 நாள் மாதம் பன்னிரண்டு, நடுநடுவே ஏழேழு நாளாக நாலு திருவிழா வாரம். மொத்தம் 364 நாள். மிஸ்டாராவிலும் 28 நாள் மாதம் பன்னிரண்டு, ஆனால் திருவிழா வாரம் கிடையாது, 336 நாள். இரண்டிலும் வாரத்துக்கு ஏழு நாள். வித்தியாசம் சுளையாக 28, ஒரு மாதம். அப்படியென்றால் மிஸ்டாராவின் 13 வருடம், கிரேஹாக்கின் 12 வருடம். இரண்டுமே 4,368 நாள். ஒரு நாள் கூட மிச்சமில்லை. வேண்டுமென்று செய்தாலும் இப்படி அமையாது.

ஆசை விடவில்லை. நெருப்பு மழையிலிருந்து இன்றுவரையான நாலாயிரம் வருடத்தைக் கிரேஹாக் வருடமாக மாற்றினேன்: 3,692. இறையனார் களவியல் உரை இடைச்சங்கத்துக்குச் சொல்லும் கணக்கு 3,700 வருடம். கபாடபுரத்தில் நடந்து, கடல் கொண்டு போன சங்கம். எட்டு வருடம்தான் இடிக்கிறது! ராத்திரி ஒரு மணிக்குத் தம்பிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். அவன் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தூங்கப் போனான்.

இதை உடைத்தது அலங்காநல்லூர்க்காரர் ஒருவர். எங்கள் மேசையில் வயதில் மூத்தவர், வீட்டில் இன்னும் நெல் போடுகிறார்கள். காலண்டரை விளக்கிக்கொண்டிருந்தபோது டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, ரெண்டு ஊருக்கும் ஒரே சூரியன்தான?"

"ஆமாண்ணே."

"அப்ப உங்க ஆளுகளுக்கு இந்த வருசம் பொங்கல் தையில வந்தா, அடுத்த வருசம் மாசியில வரும். அதுக்கு அடுத்து பங்குனி. எந்த மாசம் நாத்து விடுறதுன்னு அவய்ங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதுதான். ஒரே உலகம் என்றால் வருடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். 13க்கு 12 என்ற அழகான கணக்கு, 3,692, கபாடபுரம் எல்லாம் அந்த ஒரு டீயில் கரைந்தது. மனசே இல்லாமல் அழித்தேன். இப்போதைய ஏற்பாடு: வருடம் இரண்டு பேருக்கும் 364 நாள். மிஸ்டாரா ஆட்கள் நாலு திருவிழா வாரத்தையும் எந்த மாதத்திலும் சேர்ப்பதில்லை. அந்த நாட்களில் கடன் பத்திரம் எழுத மாட்டார்கள், பிறந்த குழந்தைக்கு அடுத்த மாதம் முதல் தேதியைத்தான் பிறந்த நாளாகச் சொல்வார்கள். புத்தகத்தில் 336 என்று இருப்பது அவர்கள் எண்ணிய நாள் மட்டும். இந்த ஒட்டு விளையாட்டில் நன்றாகவே உழைத்தது. என் மேசை மந்திரவாதி தன் வயதைச் சொல்லத் திணறிய காட்சி அப்படி வந்ததுதான்.

நிலா விஷயத்தில் ஒட்டு நிற்கவில்லை. கிரேஹாக் வானத்தில் இரண்டு நிலா: 28 நாளில் சுற்றும் லூனா, 91 நாளில் சுற்றும் செலீன். மிஸ்டாராவின் மாட்டேராவுக்கும் 28 நாள் என்பதால் அது லூனாவாகிவிட்டது. செலீனை என்ன செய்வது? மிஸ்டாராவில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நிலா இருக்கிறது, பேர் பாட்டேரா. அதுதான் இது, வடக்கே போனால்தான் கண்ணில் படும் என்று சொல்லிச் சமாளித்தேன். 'வடக்கே போனா எப்படிக்கா தெரியும்?' என்று கே.கே.நகர்ப் பெண் கேட்டாள், கல்லூரியில் இயற்பியல் படிக்கிறவள். பதில் இல்லை. இன்னும் இல்லை.

வரைபடமும் நாளும் ஒருவழியாக நின்ற பிறகு கதைக்கு வந்தேன். இந்த இடத்தில் செய்த தப்புதான் எல்லாவற்றையும்விட நேரத்தைத் தின்றது. இரண்டு உலகத்துப் புராணத்தையும் அரைத்து ஒரே வரலாறாக 31 பக்கம் எழுதினேன். பிளாக்மூர் முதலில் எப்படித் தோன்றியது, வானத்திலிருந்து விழுந்த கப்பல் எப்படி 'தேவர்களின் நகரம்' ஆனது, யார் எதை வெடிக்க வைத்தார்கள், யார் தப்பினார்கள், தப்பியவர்கள் எந்தப் பாதையில் தெற்கே வந்தார்கள், எல்லாவற்றுக்கும் ஆண்டு போட்டு. ஒரு முரண்பாட்டை அடைத்தால் இரண்டு புதிதாகக் கிளம்பியது. கே.கே.நகர்ப் பெண் ஆறாவது பக்கத்தில் கீழே வைத்துவிட்டாள். "செமஸ்டர் ஞாபகம் வருதுக்கா."

அந்தக் கட்டு மேசையில் கிடந்தபோது சித்திரை வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அண்ணன் மகனைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் போயிருந்தோம். கூட்டத்தில் அவன் கேட்டான், "சாமி ஏன் ஊருக்குள்ள வராம ஆத்தோட போறாரு?" என் அம்மா சொன்னார்: "தங்கச்சி கல்யாணத்துக்குத்தான் வந்தாரு. வர்றதுக்குள்ள முடிச்சுட்டாய்ங்க, கோவிச்சுக்கிட்டு வண்டியூருக்குப் போறாரு." பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் திரும்பாமலே சொன்னார்: "அதெல்லாம் இல்ல தம்பி, மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்கப் போறாரு. அதான் தலபுராணம்." அம்மா "அப்படியும் சொல்லுவாய்ங்க" என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்து ஒரே நேரத்தில் கும்பிட்டார்கள்.

முன்பு மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்தது, அழகர் சித்திரையில் தேனூரில் இறங்கினார், இரண்டையும் ஒரே மாதத்தில் சேர்த்தது திருமலை நாயக்கர் என்பது மதுரையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவர் மாற்றியது நாளையும் இடத்தையும். கதை அதன்பாட்டுக்கு இரண்டாகவே இருந்துவிட்டது. தையல் தெரிகிற இடம்கூட இருக்கிறது: சித்திரைத் தேர் இன்றைக்கும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. நான் தப்பான கட்டை ஜெராக்ஸ் போட்டது அந்த வீதியில்தான்.

வீட்டுக்கு வந்து 31 பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். இடது பக்கம் 'கால் படுவது', வலது பக்கம் 'வாயில் வருவது'. ஆட்டக்காரர்கள் நடக்கிற தூரம், எண்ணுகிற நாள், உயிரோடு இருக்கிற ஆள், பூட்டியிருக்கிற கதவு இவை இடது பக்கம். இரண்டு மேசைக்கும் மயிரிழை பிசகக் கூடாது. மற்றது எல்லாம் வலது பக்கம். அங்கே உண்மை என்று எதுவும் எழுதவில்லை, யார் சொல்கிறார்கள் என்று மட்டும் எழுதினேன். பிளாக்மூர் ஏன் அழிந்தது? மிஸ்டாரா மந்திரவாதி: இயந்திரம் வெடித்தது. திருநகர் மேசைக் குள்ளன்: கடவுள் தண்டித்தார். பிளாக்மூர்ச் சத்திரக்காரி: "அழிஞ்சுச்சா? நாங்க இங்கதான இருக்கோம்?"

சத்திரக்காரி சொன்னதற்கு மட்டும் கொஞ்சம் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அதையும் தம்பிதான் கொடுத்தான். "தென்மதுரை கடல்ல போச்சு, கபாடபுரம் போச்சு, இப்ப நாம டீ குடிக்கிறது மூணாவது மதுரை. பேரை மட்டும் தூக்கிட்டு வந்தாய்ங்க. இவய்ங்களும் அதைத்தான் செஞ்சாய்ங்கன்னு வச்சுக்கோயேன்." கபாடபுரம் வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். 31 பக்கத்தில் மிஞ்சியது இரண்டே பக்கம்.

இரண்டு கூட்டமும் சந்திக்கும் இடத்துக்கு நான் எதுவும் புதிதாகக் கட்டவில்லை. பிளாக்மூரில் கம்பேக் இன் என்று ஒரு சத்திரம் உண்டு. வாசல் வழியே வெளியே நடந்தால் மறுபடி உள்ளேயே வந்து நிற்பீர்கள். 1986இல் வந்த மிஸ்டாரா சாகசத்தில் இந்தச் சத்திரமே காலத்தைக் கடக்கும் வாசல். என் கூட்டம் அதற்குள் மாட்டிக்கொண்டது, தம்பி கூட்டம் தெருவில் இருந்து கையைப் பிடித்து இழுத்தது. ஒன்பது பேரும் அறிமுகமாக அது போதுமானதாக இருந்தது.

கடைசி வரைபடத்தை ஆறுக்கு நாலு அடியில் ஃப்ளெக்ஸில் அடித்தேன். சதுர அடி 15 என்று 360 ரூபாய். அதன் மேலேயே மார்க்கரால் பாதை போட்டது மடத்தனம். நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டுத் துடைத்ததில் மார்க்கரோடு ஒரு சின்ன ஏரியும் போய்விட்டது. பிறகு டைனிங் டேபிளுக்குப் போடும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் ஒன்றரை மீட்டர், 180 ரூபாய்க்கு வாங்கி மேலே விரித்தேன். ஓ.எச்.பி. என்கிற ஒளி ஊடுருவும் ஷீட் பத்து 150, மார்க்கர் இரண்டு 120. இன்னொரு தடவை செய்தால் வரைபடத்தைத் தொடுவதற்கு முன்பே காலண்டரை முடிப்பேன், கணக்குப் போடுவதற்கு முன்பே அலங்காநல்லூர்க்காரரைக் கேட்பேன், ஜெராக்ஸ் கடைக்கு ஒவ்வொரு கட்டின் மேலும் சதவீதத்தைச் சிவப்பு மையில் எழுதி எடுத்துப் போவேன்.

பீரோ மேலே போட்ட ட்ரேசிங்கைத் தூக்கி எறியவில்லை. டீத்தூள் தண்ணீரில் முக்கிக் காய வைத்து, ஓரத்தை மெழுகுவர்த்தியில் லேசாகக் கருக்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் சத்திர வாசலில் ஒரு வியாபாரி வந்து, வடக்கே இடிபாட்டுக்குப் போகும் வரைபடம் என்று அதை நீட்டினான். பேரம் பேசி ஐம்பது தங்கக் காசுக்கு வாங்கினார்கள். அலங்காநல்லூர்க்காரர் மட்டும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வரைஞ்சிருக்காய்ங்க" என்றார். தம்பி என் முகத்தைப் பார்க்காமல் பகடையை உருட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு கிளம்புகிறார்கள். சோற்றுக் கணக்கை அந்தப் படத்தை வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள்.